டிராவல் மக்கில் போகாத சோப்பு வாடை: மூடியில் தொடங்கி வெயிலில் முடிக்கும் முறை

போன தீபாவளிக்கு எங்கள் திருப்பூர் அலுவலகத்தில் ஆளுக்கொரு ஸ்டீல் டிராவல் மக் கொடுத்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். பொங்கல் வருவதற்குள் ஏழு பேர் அதைக் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: “காப்பி குடிச்சா சோப்புத் தண்ணி குடிச்ச மாதிரியே இருக்குதுங்கக்கா.”

அந்த ஏழு மக்கையும் வாரம் ஒன்றாக வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். ஆறு திரும்பவும் வேலைக்கு வந்துவிட்டன. ஒன்று வரவில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏழில் ஆறு பேர் செய்த தப்பு ஒன்றேதான். வாடை போகவில்லை என்று இன்னும் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, உள்ளே கைவிட்டு ஸ்டீலைத் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார்கள். வாடை ஸ்டீலில் இல்லை, மூடியில் இருந்தது. கீழே வரும் வரிசை அதை வைத்துத்தான்.

கை வேலை முக்கால் மணி நேரம் கூட இருக்காது. ஊறவும் காயவும்தான் நேரம் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கினால் திங்கள் காலைக் காப்பிக்கு மக் தயார்.

1. அது சோப்புதானா என்று பாருங்கள்

மக்கை மூடி ஒரு ராத்திரி வைத்துவிட்டு, காலையில் திறந்த உடனே மோந்து பாருங்கள். எலுமிச்சை வாசமோ பூ வாசமோ அடித்தால் சோப்பு. புளித்த தயிர் மாதிரி கமறினால் பால். இரும்புச் சாவியை மோந்த மாதிரி இருந்தால் புது மக்கின் வாடை. நாலைந்து முறை வெந்நீர் ஊற்றிக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், பால் வாடைக்கு மருந்தே சோப்புதான். என்னிடம் வந்த ஏழில் ஒன்று அப்படித்தான். மூடி இடுக்கில் பாலாடை காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. சோப்பு வாடை என்று பயந்து ஒரு மாதமாகச் சோப்பே போடாமல் கழுவியிருக்கிறார்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு எலுமிச்சம்பழம், அல்லது சாதாரண வெள்ளை வினிகர் கால் டம்ளர். சமையல் சோடா இரண்டு டீஸ்பூன். ஆப்பத்துக்குப் போடுவோமே, அதுதான். பல் குத்தும் குச்சி ஒன்று. மெல்லிய பழைய டூத் பிரஷ் ஒன்று, இதுவரை சோப்புப் படாததாக இருக்கட்டும். ஒரு சின்னப் போசி, அதாவது அடுப்பில் வைக்கிற பாத்திரம். கொஞ்சம் நூல்.

அப்புறம் நல்ல தண்ணி, மூன்று நான்கு லிட்டர். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் பக்கம் பல வீடுகளில் பாத்திரம் வெளக்குவது போர் தண்ணியில்தான். அந்த உப்புத் தண்ணியிலேயே கடைசி அலசலையும் முடித்தால், காய்ந்ததும் உள்ளே வெள்ளைப் படலம் நிற்கும். அந்தச் சொரசொரப்பில் சோப்பின் மிச்சம் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் அலசலுக்கு எந்தத் தண்ணீரும் சரி. ஊறவைக்கவும் கடைசி அலசலுக்கும் குடிக்கிற தண்ணீர்தான் வேண்டும்.

3. கழற்றுங்கள், ஆனால் முதலில் ஒரு போட்டோ

மூடியைத் திருகி எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு வளையம் இருக்கும். கேஸ்கட் என்பார்கள், எங்கள் ஊர்ப் பாத்திரக் கடையில் வாஷர் என்று கேட்டால்தான் தெரியும். குடிக்கிற வாயில் தள்ளித் திறக்கும் தட்டு இருந்தால் அதற்கடியிலும் ஒரு குட்டி வாஷர் இருக்கலாம்.

கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பல வாஷர்களுக்கு மேல் கீழ் உண்டு. திருப்பி மாட்டினால் பையில் இருக்கும்போது காப்பி கசியும். அப்படித்தான் ஒருவருடைய லேப்டாப் பை நனைந்து, பழி என் தலையில் விழுந்தது.

குச்சியை வாஷரின் ஓரத்தில் சாய்வாக நுழைத்து, ஒரு பக்கம் மேலே வந்ததும் விரலால் இழுங்கள். ஊக்கும் கத்தியும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலும் அங்கே கசிவு தொடங்கிவிடும். அடுத்த முறை சோப்பு தங்கவும் அது ஒரு இடமாகிவிடும்.

பட்டனை அழுத்தித் திறக்கும் மூடிகள் சில முழுதாகக் கழலாது. நெம்பாதீர்கள். அவற்றுக்கு ஐந்தாம் படியில் வழி இருக்கிறது.

4. உடம்பா, மூடியா? பத்து நிமிடச் சோதனை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். குற்றவாளி யார் என்று தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தால் பாதி உழைப்பு வீண்.

தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். மக்கின் உடம்பில் பாதி ஊற்றி, மூடி போடாமல் ஒரு சின்ன ஸ்டீல் வட்டலால் (தட்டால்) மூடுங்கள். வாஷரையும் மூடியின் உதிரிகளையும் ஒரு ஸ்டீல் டம்ளரிலோ போசியிலோ போட்டு, அவை மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றி அதையும் மூடுங்கள். பத்து நிமிடம் கழித்து, வாய் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, இரண்டிலும் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்க வேண்டாம்.

அநேகமாக மக்கின் தண்ணீர் வெறும் தண்ணீராக இருக்கும். டம்ளர் தண்ணீர்தான் நாக்கின் பின்பக்கம் கசக்கும். அப்படியென்றால் ஆறாம் ஏழாம் படிகளை ஒரு முறை லேசாகச் செய்துவிட்டு, முழு நேரத்தையும் எட்டாம் படியில் செலவிடுங்கள். மக்கின் தண்ணீரே கசந்தால் ஆறையும் ஏழையும் விடாமல் செய்யுங்கள்.

பச்சைத் தண்ணீரில் இந்தச் சோதனை பலிக்காது. வாஷர் பெரும்பாலும் சிலிகான். எண்ணெய்ப் பசையுள்ள வாசனைகளை அது உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, சூடு பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். “தண்ணி குடிச்சா தெரியல, காப்பி குடிச்சாத்தான் வாடை வருது” என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

5. நுரை நிற்கும்வரை வெறும் அலசல்

மருந்து எதையும் போடும் முன், மிச்சமிருக்கும் சோப்பை வெறும் தண்ணீராலேயே வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிறகு ஊற்றுகிற புளிப்பு சோப்போடு சண்டை போட்டே வீணாகும்.

மக்கில் கால்வாசி நல்ல தண்ணி ஊற்றி, வாஷரை மாட்டி மூடி, பத்து விநாடி பலமாகக் குலுக்குங்கள். திறந்து உள்ளே பாருங்கள். ஓரத்தில் நுரை வளையம் கட்டி நின்றால் சோப்பு இன்னும் இருக்கிறது. கொட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். நுரை எழுந்த உடனே வெடித்து மறையும்வரை செய்ய வேண்டும். எனக்கு ஒரு மக்கில் ஒன்பது முறை ஆனது.

குலுக்குவதற்குப் பச்சைத் தண்ணீர் அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும்தான். கொதிநீரை மூடிக் குலுக்கினால் உள்ளே ஆவி அழுத்தம் ஏறி, திறக்கும்போது முகத்தில் பீய்ச்சும்.

கழலாத பட்டன் மூடியை வெந்நீர்ப் போசியில் மூழ்க வைத்து, தண்ணீருக்குள்ளேயே முப்பது நாற்பது முறை பட்டனை அழுத்தி விடுங்கள். கிணற்றுப் பம்பு மாதிரி உள்ளே போய் வரும். போசியில் வரும் தண்ணீரின் நிறமும் நுரையும் பார்த்தால் இத்தனை நாள் குடித்ததை நினைத்து வயிற்றைப் புரட்டும். தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று நான்கு தரம் செய்யுங்கள்.

6. முதலில் புளிப்பு

அரை லிட்டர் வெந்நீரில் ஒரு பழத்தின் சாற்றை வடிகட்டிப் பிழிந்து (அல்லது கால் டம்ளர் வினிகர் கலந்து) மக்கில் கழுத்து வரை ஊற்றுங்கள். மூடி வேண்டாம். அரை மணி நேரம் போதும். பிறகு பிரஷ்ஷால் வாய் விளிம்பையும் திருகு மரையையும் லேசாகத் தேய்த்து, மூன்று முறை அலசுங்கள்.

உப்புத் தண்ணியின் சுண்ணாம்புப் படலத்தைக் கரைப்பதுதான் இதன் வேலை. சோப்புக் கட்டியால் வெளக்குகிற வீடுகளில் இன்னொன்றும் உண்டு: தேய்ப்பதற்காகக் கட்டியில் சேர்த்திருக்கும் மாவு மாதிரிப் பொடி மரையின் இடுக்கில் அப்பியிருக்கும். புளிப்பில் ஊறினால் அதுவும் இளகும்.

ராத்திரி முழுக்க ஊறவைக்காதீர்கள். ஸ்டீல் தாங்கினாலும் எலுமிச்சை வாசம் மூடியில் ஏறிவிட்டால், அது பழமா சோப்பா என்று அப்புறம் நீங்களே குழம்புவீர்கள். எங்கள் அம்முச்சி (அம்மாவின் அம்மா) இருந்திருந்தால் புளியைப் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருப்பார். பித்தளைச் சொம்புக்குச் சரி. இங்கே புளியின் நார் மரையில் மாட்டிக்கொள்ளும்.

7. பிறகு சோடா, தனியாக

மக் நிறைய வெந்நீர், இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா. கலக்கித் திறந்தபடியே ஒரு மணி நேரம் விடுங்கள். காப்பியின் எண்ணெயும் பால் கொழுப்பும் சேர்ந்து உள்ளே ஒரு மெல்லிய பிசுக்காகப் படிந்திருக்கும். சோப்பின் வாசனை அந்தப் பிசுக்கில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். சோடா காரம், அதனால் பிசுக்கை இளக்கும். மேலே சுண்ணாம்புப் படலம் இருந்தால் சோடா அதைத் தாண்டி உள்ளே போகாது. அதனால்தான் புளிப்பு முதலில்.

இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பொங்கவிட்டால் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைப்பவர்கள் நிறைய. பொங்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அடித்துவிட்டு, மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர்தான். பொங்கும்போது மூடியைத் திருகிவிட்டால் இன்னும் மோசம்: உள்ளே வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். சோடாவை மட்டும் வெந்நீரில் போட்டாலும் கொஞ்சம் வாயு வரும். ஆகவே ஆறிலும் ஏழிலும் மூடி மக்கின் பக்கமே வரக்கூடாது.

8. வாஷர்: இங்கேதான் பாதி வேலை

வாஷரைச் சோடா கலந்த வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, பிரஷ்ஷால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் தேயுங்கள். மூடியில் அது உட்கார்ந்திருந்த பள்ளத்தையும் விடாதீர்கள். குச்சியின் முனையில் ஈரத் துணியைச் சுற்றிப் பள்ளத்தைச் சுற்றி ஒரு வலம் வாருங்கள். பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் ஒரு மசி வரும். அந்த மசிதான் தினமும் உங்கள் காப்பியில் கரைந்துகொண்டிருந்தது.

அடுத்து கொதிக்கவைத்தல். சின்னப் போசியில் நல்ல தண்ணி கொதித்ததும் வாஷரைப் போட்டு ஐந்து நிமிடம். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இன்னொரு ஐந்து. மூன்றாவதாக இன்னொன்று. ஒரேயடியாகப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வாஷரிலிருந்து வெளியேறிய வாசனை தண்ணீரில் சேரச் சேர, மேற்கொண்டு வெளியே வருவது குறையும். புதுத் தண்ணீர் மாற்றினால் திரும்பவும் விடத் தொடங்கும். மூன்றாவது தண்ணீரை மோந்து பார்த்து, இன்னும் வாசம் இருந்தால் நாலாவது.

சிலிகான் இந்தச் சூட்டைத் தாங்கும். உங்கள் மக்கில் இருப்பது சிலிகானா வெறும் ரப்பரா என்று சந்தேகமாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு வாஷரைப் போடுங்கள். ஒவ்வொரு தண்ணீரிலும் பத்து நிமிடம் இருக்கட்டும். பிளாஸ்டிக் மூடியைக் கொதிக்கவைக்க வேண்டாம். கோணிக்கொண்டால் பிறகு மரை பிடிக்காது. அதற்கு ஊற்றுகிற வெந்நீரே போதும், அதையும் மூன்று முறை மாற்றுங்கள்.

எந்தப் போசியில் கொதிக்கவைக்கிறோம் என்பதும் முக்கியம். நான் முதல் வாஷரை அவசரத்தில் ரசம் வைக்கிற பாத்திரத்தில் போட்டுவிட்டேன். சோப்பு வாடை போனது. பெருங்காய வாசம் ஏறிக்கொண்டது. மக்கைத் திரும்பக் கொடுத்த மறுநாள், “ஏனுங்கக்கா, இதுல ரசம் ஊத்தி வெச்சிருந்தீங்களா?” என்று அந்தப் பையன் கேட்டான். பால் காய்ச்சாத, தாளிக்காத, வெந்நீருக்கு மட்டுமே வைத்திருக்கும் போசி ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். அதை எடுங்கள்.

இரண்டு சுற்று செய்தும் வாசம் நின்றால் வாஷரை மாற்றுவதுதான் வழி. பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். குக்கர் கேஸ்கட்டை வெட்டிப் பொருத்துகிற வேலை வேண்டாம்.

9. வெயில்

எல்லாவற்றையும் துடைத்து, மக்கைப் படுக்கவைத்து, மூடியை மல்லாத்தி, வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். சூடும் காற்றும் சேர்ந்து மிச்சமிருக்கும் வாசனையைக் கிளப்பிக்கொண்டு போகும். நிழலில் காய்வதற்கும் இதற்கும் வித்தியாசம் மூக்குக்கே தெரியும்.

வாஷரை நூலில் கோத்துத் துணிக்கொடியில் கட்டுங்கள். அதற்குத்தான் ஆரம்பத்தில் நூல் கேட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் ஊர் மொட்டைமாடியில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் ஒரு வாஷர் எம்மாத்திரம்! வட்டலில் வைத்த ஒன்றைப் பக்கத்து வீட்டுச் சாக்கடை ஓரத்தில்தான் கண்டெடுத்தேன். திரும்பவும் எட்டாம் படி.

10. மாட்டி, பாலில் பரீட்சை

போட்டோவைப் பார்த்து வாஷரை மாட்டுங்கள். நல்ல தண்ணியைச் சுட வைத்து ஊற்றி, மூடி, கால் மணி கழித்துக் குடித்துப் பாருங்கள். இதில் தேறினால் டிகாஷன் கலக்காத, சர்க்கரை போடாத சூடான பால் அரை டம்ளர் ஊற்றி அதே மாதிரி கால் மணி. டிகாஷனின் கசப்பும் வாசமும் லேசான சோப்பை மறைத்துவிடும். வெறும் பாலில் ஒளிய இடமில்லை. பாலிலும் தேறியதென்றால் காப்பிக்குப் பயமில்லை. பரீட்சை முடிந்ததும் பாலை உடனே அலசிவிடுங்கள்.

ஃபில்டரில் மிஞ்சிய காப்பிச் சக்கையைப் போட்டு ஊறவைத்தால் வாடை போகும் என்று சிலர் சொல்வார்கள். நானும் செய்தேன். சோப்பு வாடைக்கு மேல் காப்பி வாடை ஏறும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அடியில் இருந்தது எட்டிப் பார்த்தது.

11. இவை வேண்டவே வேண்டாம்

பிளீச்சிங் பவுடரும் பிளீச் கலந்த எதுவும் ஸ்டீலில் புள்ளி புள்ளியாகக் குழி விழவைக்கும். கம்பி நார் கீறும். அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் துருப்பிடிக்கும். மக்கை நேரடியாக அடுப்பில் வைப்பது ஆபத்து. இரண்டு ஸ்டீல் சுவர்களுக்கு நடுவே காற்றை உறிஞ்சி மூடிய பொருள் அது, சூட்டில் உப்பி வெடிக்கலாம். சீயக்காய், அரப்பு இரண்டும் தாமே நுரைக்கிறவை. ஒரு வாடையை எடுத்து இன்னொன்றை வைக்கும்.

12. இனி எப்படிக் கழுவுவது

சோப்பை மக்குக்குள் ஊற்றாதீர்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு லிக்விட் கலக்கி, ஸ்பாஞ்சை அதில் நனைத்துப் பிழிந்து தேயுங்கள். வாஷரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது. ஏழு மக்கில் நாலு கெட்டது அதனால்தான். தினமும் வெந்நீர், வாரத்தில் இரண்டு நாள் சோப்பு போதும். பால் காப்பி குடிப்பவர்கள் தினமும் சோப்புப் போடத்தான் வேண்டும். அலசலை இரண்டு மடங்காக்குங்கள். கழுவிய பிறகு மூடியைத் திருகாமல் பக்கத்திலேயே வையுங்கள்.

தண்ணீர் மாறினால் சோப்பு அளவையும் மாற்றுங்கள். காங்கேயத்துப் பக்கம் போர் தண்ணியில் வளர்ந்த என் நாத்தனார் கோவைக்குக் குடிபோன புதிதில், சிறுவாணித் தண்ணீரிலும் பழைய அளவுக்கே சோப்பு விட்டுக்கொண்டிருந்தார். மென்மையான தண்ணீரில் கொஞ்சம் சோப்பே அதிகம் நுரைக்கும், வழுவழுப்புப் போகவும் நேரம் எடுக்கும். “எத்தன அலசுனாலும் வழுக்குதுங்க அண்ணி” என்று போன் செய்தார். அளவைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் மக் தேறியது.

சரி, அந்த ஏழாவது. பட்டன் மூடி, ஒன்றும் கழலாது. மூன்று சுற்று செய்தேன். ஒவ்வொரு முறையும் பாலில் எலுமிச்சை சோப்பு எட்டிப் பார்த்தது. “நீங்களே வெச்சுக்கோங்கக்கா” என்று உரியவர் கைகழுவிவிட்டார். மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மக்கில் மட்டும் அலுவலகத்தில் காப்பி ஊற்றிக்கொள்கிறேன், மேலே ஒரு சின்ன வட்டல் போட்டு. இதுவரை ஒரு வாய் கூடக் கசக்கவில்லை.